நோவா ஸ்கோஷியா டார்ட்டன்: நிறங்கள், கோட்டுக் கணக்கு, நெய்யும்போது வரும் பிசகுகள்

1. கட்டம்போடி

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து டார்ட்டனை (நிறக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் ஸ்காட்லாந்து வகைக் கட்டத்துணி) மாதிரித் துணியாக நெய்வதில் மூன்று இடங்களில் இடிக்கிறது. டார்ட்டன் பதிவேட்டில் உள்ள இழை எண்ணிக்கையை முன்னிருந்து பின்னுக்கும், பிறகு பின்னிருந்து முன்னுக்குமாகப் பாவு (நெடுக்கு இழை) ஓட்டினால் இரண்டு கோடுகள் மட்டும் இரு மடங்கு அகலமாக வந்து நிற்கின்றன. கட்டம் சதுரமாக இல்லை, நெடுக்குவாட்டில் நீண்டிருக்கிறது. இரண்டு பச்சையும் கையில் வைத்துப் பார்த்தால் வேறு வேறுதான். நான்கடி தள்ளி நின்றால் ஒரே பச்சையாகிவிடுகின்றன.

தறி நாலு விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் சட்டம்), நாலு மிதி. நூல் 2/20 பருத்தி. 40-ஆம் நம்பர் ரீடு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு, இரண்டு அங்குலத்துக்கு 40 பல்), பல்லுக்கு இரண்டு இழை, ஆக அங்குலத்துக்கு 40 இழை. ஊடை (குறுக்கு இழை) அங்குலத்துக்கு 36 விழுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. பாவுநூல்

முதல் பிசகு திருப்பத்தில் நடக்கிறது. பெரும்பாலான டார்ட்டன்கள் கண்ணாடி போலத் திரும்புகிறவை. கோடுகள் ஒரு முனைவரை போய், அங்கிருந்து அதே வரிசையில் பின்னோக்கி வந்து, மறு முனையில் மறுபடி திரும்பும். அந்த இரண்டு முனைக் கோடுகளையும் ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று ஓட்டினால் அந்த இரண்டு மட்டும் இரட்டிக்கும். உங்கள் துணியில் ஆனது அதுதான்.

பழகுவதற்கு மூன்றே நிறத்தில் ஒரு கணக்கு: க/8 சி48 க48 ம/8. கருப்பு 8, சிவப்பு 48, கருப்பு 48, மஞ்சள் 8. சாய்கோடு போட்ட இரண்டும் திருப்பங்கள். பாவில் இது க8, சி48, க48, ம8, க48, சி48 என்று போகும். அடுத்து மறுபடி க8. கூட்டிப் பாருங்கள், 208 இழை. திரும்பத் திரும்ப வரும் இந்தக் கோட்டு வரிசைதான் ஒரு முழு செட். உங்கள் முறையில் ஓட்டினால் 8+48+48+8+8+48+48+8 என்று 224 ஆகிவிடும். மஞ்சளும் ஓரக் கருப்பும் 16 இழைக்கு வீங்கும்.

இன்னொரு பொறி உண்டு. பழைய குறிப்புகள் சிலவற்றில் திருப்பக் கோட்டுக்குப் பாதி எண்ணிக்கையைத்தான் எழுதியிருப்பார்கள். அங்கே முன்னும் பின்னுமாக இரு முறை ஓட்டுவதுதான் சரி. எந்த முறையில் எழுதியது என்று தெரியாமல் தறியில் ஏற்றாதீர்கள். நல்ல படம் ஒன்றை எடுத்து, திருப்பக் கோட்டின் அகலத்தைப் பக்கத்துக் கோட்டோடு ஒப்பிட்டால் எந்த முறை என்று அப்போதே தெரிந்துவிடும்.

படத்தை இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இழை எண்ணிக்கையைப் படத்திலிருந்து எடுக்க வேண்டாம். 2008-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2009-இல் திறந்த டார்ட்டன் பதிவேடு இருக்கிறது. எண்ணிக்கைக்கு அதுதான் கணக்கு.

3. புதுநாடா

ஒரு சின்ன சந்தேகம் ஐயா. அந்தப் பதிவேட்டில் கருப்புக்கு ஏன் 'கே' என்று போட்டிருக்கிறார்கள்?

4. பாவுநூல்

'பி' என்ற எழுத்தை நீலம் எடுத்துக்கொண்டது, அதனால் கருப்புக்கு அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து. சாம்பலுக்கு 'என்', பழுப்புக்கு 'டி'. நோவா ஸ்கோஷியாவில் கரும்பச்சை, இளம்பச்சை இரண்டும் வருவதால் 'ஜி'-க்கு முன்னால் 'டி', 'எல்' என்று ஒரு எழுத்து சேரும். பழுப்பின் 'டி'யும் கரும்பச்சைக்கு முன்னால் வரும் 'டி'யும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு நெய்கிறவர்கள் பழுப்புக்கு 'ப', கரும்பச்சைக்கு 'க.ப', இளம்பச்சைக்கு 'இ.ப' என்று தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

5. வண்ணத்தட்டு

கட்டம்போடி, நிறத்துக்குப் போகும் முன் இந்தத் துணி எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். எந்த நிறத்தை எங்கே தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

1953-இல் அந்த மாகாணத்து ட்ரூரோ ஊரில் நடந்த வேளாண் கண்காட்சிக்காக பெஸ்ஸி மரே என்பவர் ஆடு வளர்ப்பைக் காட்டும் ஒரு பெரிய துணிச்சித்திரம் செய்தார். அதிலுள்ள ஆட்டிடையனுக்கு ஒரு கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) தேவைப்பட்டது. ஏதாவது ஒரு ஸ்காட்லாந்துக் குலத்தின் டார்ட்டனைப் போட்டால் மற்ற குலத்தார் மனம் கோணும் என்று யாருக்கும் சொந்தமில்லாத புதுக் கோடுகளைப் போட்டார். சித்திரத்தில் அந்தக் கில்ட் மிகச் சின்ன இடம். பார்த்தவர்கள் கண் அங்கேயே நின்றது. இசபெல் மெக்காலே என்பவர் அவரோடு சேர்ந்து அதை நெசவுக்குக் கொண்டுவந்தார். 1956-இல் ஸ்காட்லாந்தில் குலச் சின்னங்களைப் பதியும் லார்டு லயன் நீதிமன்றத்தில் பதிவானது. 1963-இல் மாகாணம் அதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. கனடாவில் மாகாண டார்ட்டன் என்று முதலில் வந்தது இதுதான்.

நீலம் கடல். வெள்ளை கரையிலுள்ள கருங்கல் பாறையும் அதில் மோதும் நுரையும். இரண்டு பச்சையும் காடு. பொன்னிறம் அரச சாசனம். 1621-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் சர் வில்லியம் அலெக்சாண்டருக்கு இந்த நிலத்தை எழுதிக் கொடுத்த சாசனம். சிவப்பு, மாகாணக் கேடயத்திலுள்ள எழுந்து நிற்கும் சிங்கம். அந்தக் கேடயத்தில் சிங்கம் பொன் தளத்தின் மேல் சிவப்பாக நிற்கும். கொடியிலும் அதே சிங்கம், வெள்ளையில் நீலப் பெருக்கல் குறியின் நடுவில்.

ஆகவே நீலம் தளம், பச்சை அதற்குத் துணை. வெள்ளை, பொன், சிவப்பு மூன்றும் கோடுகள். அளவில் சின்னவை, ஆனால் கதை முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. அவை மங்கினால் துணி வெறும் நீலப் பச்சைக் கட்டமாகிவிடும்.

6. நாலுமிதி

வண்ணத்தட்டு அக்கா சொன்னதுல ஒன்னு சேர்க்கணும். மெல்லிய கோடு ஏன் மங்குதுன்னு தெரிஞ்சாத்தான் அதைக் காப்பாத்த முடியும்.

டார்ட்டன் சாதா நெசவு இல்லீங்க. இரண்டுக்கு இரண்டு ட்வில். ஊடை இரண்டு பாவுக்கு மேல போகும், இரண்டுக்குக் கீழ போகும், அடுத்த ஊடை ஒரு இழை தள்ளி அதையே செய்யும். சாய்வா ஒரு வரி ஓடும். நீலப் பாவுல நீல ஊடை விழுந்தா சுத்த நீலம். நீலப் பாவுல வெள்ளை ஊடை விழுந்தா பாதி நீலம், பாதி வெள்ளை, சாய்வு வரியா. தள்ளி நின்னா வெளிர்நீலம்.

அப்ப பொன் கோடு 4 இழைன்னு வெச்சுக்கங்க. நீலத் தளம் பூரா ஓடும்போது அது எங்கயும் முழுப் பொன்னா இருக்காது. பாதி பொன், பாதி நீலம், சாம்பல் கலந்த பச்சையாத்தான் தெரியும். குறுக்க வர்ற பொன் ஊடையைச் சந்திக்கிற நாலுக்கு நாலு இழை இடத்துல மட்டும்தான் பளிச்சுன்னு ஒரு பொட்டு. சிவப்பு பச்சையில ஓடினா பழுப்பா அடங்கும். அதனால மெல்லிய கோட்டு நூலைத் தனியா கையில வெச்சு 'சரியா இருக்கு'ன்னு முடிவு பண்ணாதீங்க. நூல்ல இருக்கிற பளிச்சுல பாதிதான் துணிக்கு வரும்னு நினைச்சு ஒரு படி பிரகாசமா எடுங்க.

நிறக் கணக்கும் இதுலேருந்துதான் வருது. 3 நிறம்னா சுத்தம் 3, கலப்பு 3, மொத்தம் 6. நோவா ஸ்கோஷியால 6 நிறம், கலப்பு 15, மொத்தம் 21. நீங்க வாங்குறது ஆறு நூல் சிட்டம், துணி காட்டுறது இருபத்தொன்னு!

7. புதுநாடா

அப்படியானால் லுங்கிக் கட்டமும் இதுவும் ஒன்றில்லையா? மெட்ராஸ் செக் என்பதும் பாவிலும் ஊடையிலும் நிறம் போட்டதுதானே?

8. நாலுமிதி

நிறம் போடுற முறை ஒன்னுதான், நெசவு வேற. மெட்ராஸ் செக் சாதா நெசவு, அதனால கலப்பு பொடிப்பொடி புள்ளியா கலந்து ஒரே நிறமா தெரியும். டார்ட்டன்ல கலப்பு சாய்வு வரியா நிக்கும். இன்னொரு வித்தியாசம், லுங்கியில பாவு வரிசையும் ஊடை வரிசையும் ஒன்னா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. டார்ட்டன்ல பெரும்பாலும் பாவுல என்ன வரிசையோ அதே வரிசைதான் ஊடையிலும். அதனாலதான் ஒவ்வொரு நிறமும் மத்த எல்லா நிறத்தையும் ஒரு இடத்துலயாவது சந்திச்சுடுது.

9. பாவுநூல்

ட்வில் என்பதால் இழை எண்ணிக்கையில் இரண்டு கட்டுப்பாடு வருகிறது. இதைக் கவனிக்காமல் செட்டைச் சுருக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஒன்று, எல்லாக் கோடும் இரட்டைப் படையில் இருக்கட்டும். நாடாப் பெட்டி (ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா தங்கும் இடம்) ஒரு பக்கம் மட்டும் உள்ள தறியில் ஒற்றைப் படை ஊடை போட்டால் நாடா எதிர்ப்பக்கம் போய் நின்றுவிடும். திரும்பி வர வழியில்லை. ஒற்றை இழைக் கோடு ட்வில்லில் விட்டுவிட்டுப் புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு இழை சேர்ந்தால்தான் அது கோடு.

இரண்டு, முழு செட் 4-ஆல் வகுபட வேண்டும். விழுது 1-2-3-4 என்று நேராகக் கோக்கிறோம். 208 வகுபடும், 52 சுற்று. வகுபடாவிட்டால் அடுத்த செட்டில் அதே கோடு வேறு விழுதில் தொடங்கும். மெல்லிய கோடு ஒரு செட்டில் பல் பல்லாகவும் அடுத்ததில் வழவழப்பாகவும் தெரியும்.

104 இழை செட்டை, அதாவது 4-24-24-4 என்பதை, முக்கால் ஆக்க வேண்டும் என்று வையுங்கள். கணக்குப்படி 3-18-18-3. அந்த 3-ஐ 2 ஆக்கினால் கோடு செத்துப்போகும். 4 ஆகவே விடுங்கள்: 4-18-18-4, மொத்தம் 80, நாலால் வகுபடும். சுருக்கும்போது அகலப் பட்டைதான் குறைய வேண்டும். மெல்லிய கோடு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒன்று உண்டு, அதற்குக் கீழே போகக் கூடாது.

10. சாயப்பட்டறை

இரண்டு பச்சை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் சாயலில் வேறாக இருக்கலாம், வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கும். கண் தூரத்தில் பிரித்துப் பார்ப்பது வெளிச்ச வேறுபாட்டைத்தான். ஆறு நூலையும் ஓர் அட்டையில் பக்கம் பக்கமாகச் சுற்றி, போனில் கருப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டு பச்சையும் ஒரே சாம்பலாக வந்தால் துணியிலும் அப்படித்தான். கரும்பச்சையை அப்படியே விட்டு, இளம்பச்சையை வெளிச்சத்தில் இரண்டு படி ஏற்றுங்கள். அதே படத்தில் நீலத்தையும் கரும்பச்சையையும் பாருங்கள். அவையும் ஒன்றாகிவிட்டால் தளமே குழம்பும்.

அடுத்து, அட்டையில் நூலைத் தோராயமாகச் சுற்றாமல் உண்மையான எண்ணிக்கையிலேயே ஒரு செட் சுற்றிப் பாருங்கள். 40 இழை அகலத்தில் பார்க்கும் வெள்ளை வேறு, 4 இழையில் பார்க்கும் வெள்ளை வேறு.

சாயம் இறங்குவது பெரிய தொல்லை. இந்த டார்ட்டனில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஒரே துணியில் வேலை. தறியில் ஏற்றும் முன் சிவப்பு, நீலம், இரண்டு பச்சை ஒவ்வொன்றிலும் ஒரு முழம் எடுத்து வெள்ளை நூலோடு முடிச்சுப் போட்டு, சூடான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். வெள்ளையில் லேசாக ரோஸ் ஏறினாலும் அந்தச் சிட்டத்தை மறுபடி சோப்பில் காய்ச்சி, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும். நெய்த பிறகு எதுவும் செய்ய முடியாது.

பாவுக்கும் ஊடைக்கும் நீலம் ஒரே லாட்டில் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலில்) எடுங்கள். வேறு லாட் என்றால் சுத்த நீலம் வர வேண்டிய சதுரத்திலேயே சாய்வு வரி தெரியும்.

11. கட்டம்போடி

சாயம் அண்ணா, இளம்பச்சையை ஏற்றினால் அது பதிவான நிறம்தானா என்று கேள்வி வராதா? பதிவேட்டில் நிறத்துக்கும் மாதிரி காட்டியிருக்கிறார்களே.

12. வண்ணத்தட்டு

வரும். மாகாணத்தின் பெயரைச் சொல்லி விற்கிற துணி என்றால் காட்டிய சாயலை விட்டு விலகக் கூடாது என்பது என் எண்ணம். ஒரு மாகாணமே சட்டம் போட்டுக் காத்த துணி இது. கடலின் நீலம் என்று சொல்லிவிட்டு மயில்கழுத்து நீலம் போட முடியாது.

13. பாவுநூல்

வண்ணத்தட்டு அம்மா, நான் இதில் கொஞ்சம் வேறுபடுகிறேன். டார்ட்டனை டார்ட்டனாக்குவது வரிசையும் விகிதமும்தான். சாயலில் நெசவாளருக்கு எப்போதும் இடம் உண்டு. ஒரே எண்ணிக்கையை 'மாடர்ன்', 'ஏன்ஷியன்ட்', 'வெதர்டு' என்று பல சாயல்களில் ஆலைகள் நெய்கின்றன. 'ஏன்ஷியன்ட்' என்றால் பழைய வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. செடி கொடிச் சாயத்தின் மென்மையைக் காட்டும் வெளிர் நிற வரிசை அது. 'மாடர்ன்' என்பது ரசாயனச் சாயம் வந்த பிறகான அடர்நிறம். கோடு இரண்டிலும் ஒன்றுதான்.

அல்ஸ்டர் டார்ட்டனைப் பாருங்கள். 1956-இல் வட அயர்லாந்தில் டங்கிவன் அருகே வில்லியம் டிக்சன் என்ற பண்ணைத் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது பழைய உடுப்பு கிடைத்தது. அதிலிருந்த கால்சட்டை டார்ட்டன். 16, 17-ஆம் நூற்றாண்டுத் துணி. பல நூறு வருஷம் கரிச் சேற்றில் கிடந்ததில் நிறம் முழுக்கப் பழுப்பேறிவிட்டது. இழையை எண்ண முடிந்தது. அதனால் இன்று அல்ஸ்டர் டார்ட்டன் இரண்டு விதமாக நெய்யப்படுகிறது: கிடைத்தபடி பழுப்பில் ஒன்று, முதலில் இருந்திருக்கும் நிறத்தை ஆராய்ந்து சிவப்பில் ஒன்று. நிறம் அழிந்த பிறகும் கோடு எஞ்சியதால்தான் அந்த டார்ட்டன் மறுபடி கிடைத்தது.

14. வண்ணத்தட்டு

அல்ஸ்டர் சேற்றில் நிறத்தை இழந்தது, வேறு வழியில்லை. நோவா ஸ்கோஷியாவில் நிறத்துக்குப் பொருள் சொல்லியே கோடு போட்டார்கள். அதே மாகாணத்திலுள்ள கேப் பிரட்டன் தீவின் டார்ட்டனும் அப்படித்தான். கருப்பு அங்கே நிலக்கரி, சாம்பல் உருக்கு, பச்சை மலையும் பள்ளத்தாக்கும், பொன் பிராடார் ஏரியில் விழும் அந்திவெயில். 1957-இல் எலிசபெத் கிரான்ட் வடிவமைத்தது. அந்தச் சாம்பலை எடுத்துவிட்டு வேறு நிறம் போட்டால் உருக்காலை போய்விடும், ஊரின் பாதி போய்விடும். விகிதம் எலும்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஊர் டார்ட்டனில் நிறத்துக்கும் அதே மதிப்பு.

கட்டம்போடியின் கேள்விக்கு: இளம்பச்சையை வெளிச்சத்தில் ஏற்றலாம், மஞ்சள் பக்கம் சாயவிடாதீர்கள். அது இலையுதிர் மரங்களின் பச்சை. கரும்பச்சை ஊசியிலை மரங்களின் பச்சை. அந்த இரண்டு காடும் தனித்தனியாகத் தெரிந்தால் சொல்ல வந்தது சொல்லியாயிற்று.

15. சாயப்பட்டறை

அதோடு ஒத்துப்போகிறேன். சாயல் மாறாமல் வெளிச்சம் மட்டும் ஏற வேண்டுமானால் அதே சாயக் கலவையில் சாயத்தின் அளவை மட்டும் குறையுங்கள். வேறு பச்சையைக் கலக்க வேண்டாம்.

16. நாலுமிதி

சதுரம் வராத விஷயத்தை யாரும் தொடலையே. அங்குலத்துக்குப் பாவு 40, ஊடை 36. அங்கேயே பதில் இருக்குங்க. ஆனா நேரா 40 ஊடை அடிச்சா சரியாயிடும்னும் நினைக்காதீங்க. தறியில இழுத்துக் கட்டின துணி வேற, நனைச்சுக் காய வெச்ச துணி வேற.

செய்ய வேண்டியது இதுதான். 208 இழை செட்ல ஒன்றரை செட் உயரத்துக்கு நெய்யுங்க. அறுத்து, வெந்நீர்ல நனைச்சு, காய வெச்சு, தேய்ச்சு, அப்புறம் அளங்க. அகலம் 5.0 அங்குலம், உயரம் 5.4 அங்குலம்னு வந்தா 5.4-ஐ 5.0-ஆல வகுத்தா 1.08. தறியில 36 விழுந்தது 36 × 1.08, ஏறக்குறைய 39 ஆகணும். பலகையை அந்த அளவுக்குக் கொஞ்சம் இறுக்கி அடிக்கணும். அடிச்சும் 39 ஏறலைன்னா ஊடையோட மல்லுக்கட்டாதீங்க, ரீடை மாத்தி பாவைக் குறைங்க.

அளவு டேப் இல்லாமலும் பாக்கலாம். ஒரு திருப்பச் சதுரத்தோட நடுவுலேருந்து துணியை மூலைவாட்டா மடிங்க. நெடுக்கு மஞ்சள் குறுக்கு மஞ்சள் மேல, சிவப்பு சிவப்பு மேல அச்சா உக்காந்தா சதுரம். ட்வில் வரியும் அப்ப 45 பாகையில போகும். முதல் கட்டத்துல பொருந்தி நாலாவது கட்டத்துல விலகினா உங்க அடி சமமா இல்லைன்னு அர்த்தம், நூல் மேல பழி போடாதீங்க.

17. கட்டம்போடி

36-க்கும் 40-க்கும் இடையில் இவ்வளவு இருக்கிறதா! நன்றி. இன்னும் ஒன்று, நான்கு மீட்டருக்கு எவ்வளவு நூல் எடுப்பது? பாவு அகலம் 26 அங்குலம், ஐந்து செட், 1040 இழை. துண்டுகளைப் பக்கத்தில் சேர்த்துத் தைக்கவும் வேண்டியிருக்கும்.

18. பாவுநூல்

பயிற்சிக் கணக்கிலேயே போடுகிறேன், உங்கள் ஆறு நிறத்துக்கும் வழி அதேதான்.

ஒரு செட்டில் கருப்பு 104, சிவப்பு 96, மஞ்சள் 8. பாவு நீளம்: துணி 4 மீட்டர், நெசவில் சுருங்குவதற்கு 0.4, தறியில் வீணாவதற்கு 0.7, ஆக 5.1 மீட்டர். 1040 இழைக்கு 5,304 மீட்டர். அதில் கருப்பு 2,652, சிவப்பு 2,448, மஞ்சள் 204. ஊடை அங்குலத்துக்கு 39 வீதம் நான்கு மீட்டருக்கு சுமார் 6,140, ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர், 4,300 மீட்டர். 2/20 நூல் கிலோவுக்கு ஏறத்தாழ 16,900 மீட்டர் ஓடும். கூட்டினால் கருப்பு 284 கிராம், சிவப்பு 262, மஞ்சள் வெறும் 22. மேலே பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நூலை மட்டும் தேவையைப் போல இரு மடங்கு எடையில் சாயமேற்றி வையுங்கள். 22 கிராம் போதாமல் போய் இரண்டாவது லாட் போட்டால் நிறம் பொருந்தாது, துணி முழுக்க அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

சேர்த்துத் தைப்பதற்கு: திருப்பக் கோட்டின் பாதியில் தொடங்கிப் பாதியில் முடியுங்கள். இடது ஓரம் கருப்பு 4, பிறகு சி48, க48 என்று போய், வலது ஓரம் கருப்பு 4. ஒரு செட் அப்போதும் 208தான், ஐந்துக்கு 1040 சரியாக வரும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் 4-ம் 4-ம் கூடி 8 ஆகும். தையலுக்குள் மடிவதற்கு இரு ஓரத்திலும் தனியாகப் பன்னிரண்டு இழை கருப்பு கூட்டிவிடுங்கள், அது செட்டில் சேராது.

19. புதுநாடா

ஓர இழை ஊடையில் மாட்டாமல் தொங்குகிறதே ஐயா, அது நாடாவை மாற்றி மாற்றிப் போடுவதால்தானா?

20. நாலுமிதி

அதுவும் ஒரு காரணம். ட்வில்ல ஓரத்து இழையை ஊடை சில சமயம் பிடிக்காமலே திரும்பிடும். ரெண்டு ஓரத்துலயும் ஒரு இழையை விழுதுல கோக்காம, ரீடு வழியா மட்டும் விட்டுடுங்க. நாடா உள்ள போகும்போது அந்த இழைக்கு மேல, வெளிய வரும்போது கீழ. எந்த மிதியா இருந்தாலும் மாட்டிக்கும். நிறம் மாத்தும்போது எட்டு ஊடைக்குள்ள திரும்ப வர்ற நூலை ஓரத்துலயே ஏத்திக்கலாம். 48 ஊடை தள்ளி வர்றதை வெட்டி, முனையை ஒரு அங்குலம் அதே நிற ஊடையோட உள்ள மடிச்சு விடுங்க. ஏத்தினா ஓரம் சுருக்கி இழுக்கும், நான் முன்னாடி சொன்ன மூலைவாட்டு மடிப்பும் ஓரத்துக் கட்டத்துல பொருந்தாமப் போயிடும்.